ரயில் போன வழியில் சைக்கிள்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

சென்ற இதழில் கோடைக்கால கேம்பிங் பற்றி எழுதியபோது, மேற்கு பென்சில்வேனியாவின் ஒஹையோபைல் காட்டில் கூடாரம் போட்டுத் தங்கி, அங்கே போகும் பழைய ரயில் தடத்தில் சைக்கிள் ஓட்டலாம் என்று போகிற போக்கில் சொல்லியிருந்தேன். வந்த கடிதங்களில் பெரும்பாலானவை அதைப் பற்றியே கேட்கின்றன. எனக்கு மிகவும் பிடித்த இடம். அதனால் இந்த மாதப் பக்கம் முழுவதையும் அதற்கே கொடுத்துவிட்டேன்.

கே: ரயில் தடத்தில் சைக்கிள் என்றால் புரியவில்லை. தண்டவாளம் இருக்குமா? ரயில் வந்தால் எங்கே ஒதுங்குவது? (டாலஸ் வாசகர்)

ப: பயப்படாதீர்கள். தண்டவாளத்தையும் அடிக்கட்டைகளையும் பெயர்த்து எடுத்துப் பல வருடம் ஆகிறது. அந்த இடத்தில் சுண்ணாம்புக்கல்லைப் பொடியாக்கிப் பரப்பி, உருளை விட்டுக் கெட்டித்திருக்கிறார்கள். கார், மோட்டார் சைக்கிள் எதற்கும் அனுமதி கிடையாது. நடப்பவர்கள், ஓடுபவர்கள், சைக்கிள்காரர்கள், பெரும்பாலும் அவ்வளவுதான்.

இந்தத் தடத்தின் பெயர் கிரேட் அலிகேனி பாசேஜ். மேரிலாந்தின் கம்பர்லண்ட் ஊரில் தொடங்கி, பிட்ஸ்பர்கில் இரண்டு ஆறுகள் கூடி ஒஹையோ ஆறு பிறக்கும் முனையில் முடிகிறது. மொத்தம் 150 மைல், அதாவது சுமார் 240 கிலோமீட்டர். 1986-ல் ஒஹையோபைல் பக்கத்தில் ஒரு சின்னத் துண்டாகத்தான் ஆரம்பித்தார்கள். துண்டு துண்டாக இணைத்து, 2013-ல்தான் கடைசி இடைவெளி அடைபட்டது.

ஓர் இடத்தை மட்டும் தனியாகச் சொல்லிவிடுகிறேன். கம்பர்லண்டுக்கும் ஃப்ராஸ்ட்பர்குக்கும் நடுவே சுற்றுலாப் பயணிகளுக்கான பழைய பாணி ரயில் ஒன்று ஓடுகிறது. அங்கே தண்டவாளம் தடத்துக்குப் பக்கத்திலேயே இருக்கும். ப்ரஷ் சுரங்கப்பாதைக்குள் ரயிலுக்கும் நமக்கும் ஒரே குகைதான். ரயில் உள்ளே இருந்தால் வெளியே நின்றுவிட வேண்டும். மற்றபடி, ஒஹையோபைல் பக்கம் தடத்தை ஒட்டி ஓடும் யாக்ககேனி ஆற்றின் எதிர்க்கரையில் சரக்கு ரயில்கள் இரவும் பகலும் போகும். கூடாரத்தில் படுத்திருக்கும்போது அந்தச் சத்தம் கேட்கும். எனக்கு அது தாலாட்டு. தூக்கம் லேசானவர்கள் காதுக்குப் பஞ்சு கொண்டு போங்கள்.

கே: அக்கா, எனக்கு 46 வயது. போன வருடம்தான் சைக்கிள் கற்றுக்கொண்டேன். எங்கள் குடியிருப்புக்குள் சுற்றி வருவேன். ஏற்றம் வந்தால் இறங்கித் தள்ளுவேன். மலைக்காட்டில் ஓட்ட என்னால் முடியுமா? (எடிசன் வாசகி)

ப: முடியும். உங்களைப் போன்றவர்களுக்கு இதைவிட நல்ல பாதை எனக்குத் தெரியவில்லை.

காரணம் அந்த ரயில்தான். இரும்புச் சக்கரம் இரும்புத் தண்டவாளத்தின் மேல் உருளும்போது உராய்வும் பிடிமானமும் மிகக் குறைவு. சமதளத்தில் அது பெரிய வசதி, கொஞ்சம் இழுத்தாலே எவ்வளவு பாரமும் நகரும். மேடு வந்தால் அதுவே தொல்லை, சக்கரம் வழுக்கும். நிலக்கரி ஏற்றிய வண்டியை மலைக்கு மேல் ஏற்ற வேண்டுமென்றால் சரிவு கண்ணுக்கே தெரியாத அளவுக்கு இருந்தாக வேண்டும். அதற்காகத்தான் அந்தக் காலத்துப் பொறியாளர்கள் மலையைக் குடைந்தார்கள், பள்ளத்தாக்கின் மேல் பாலம் போட்டார்கள், ஆறு வளைந்த பக்கமெல்லாம் கூடவே வளைந்தார்கள். ரயிலுக்காக அவர்கள் பட்ட பாடு இன்றைக்கு நம் முழங்காலைக் காப்பாற்றுகிறது.

கணக்கில் சொல்கிறேன். கம்பர்லண்டிலிருந்து மேற்கே மலை முகடு வரை உள்ள 24 மைல்தான் இந்தத் தடத்திலேயே கடினமான ஏற்றம். அதுகூட 100 அடி போனால் 2 அடிக்கும் குறைவாகவே உயர்கிறது. முகட்டுக்கு மேற்கே, ஒஹையோபைல் உட்பட, 100 அடிக்கு ஓர் அடிகூடக் கிடையாது. சுற்றிலும் மலைதான், ஆனால் மிதிக்கும் காலுக்கு அது தெரியாது.

நீங்கள் ஒஹையோபைலிலிருந்து கான்ஃபுளூயன்ஸ் என்கிற சிற்றூர் வரை போய்த் திரும்புங்கள். ஒரு வழி சுமார் 11 மைல். முழுவதும் மரநிழல், ஒரு பக்கம் ஆறு. ஒரு யோசனை மட்டும் மனதில் வையுங்கள். போகும்போது ஆற்றை எதிர்த்துப் போங்கள், களைத்துத் திரும்பும்போது ஆற்றோடு வரலாம். கான்ஃபுளூயன்ஸ் போவது அப்படித்தான் அமையும். பாதியில் போதும் என்று தோன்றினால் திரும்பிவிடுங்கள். 5 மைல் போனாலும் ஆறும் காடும் அதே ஆறும் காடும்தான்.

கே: ஆகஸ்டில் பிட்ஸ்பர்க் வேங்கடேஸ்வரர் கோயிலுக்கு வருகிறோம். பிள்ளைகளுக்கு 7 வயது, 10 வயது. கோயிலை முடித்துவிட்டு இரண்டு இரவு கேம்பிங் போடலாம் என்று நினைக்கிறோம். எங்கே தங்குவது? (கொலம்பஸ் வாசகர்)

ப: நல்ல திட்டம். 1976-லிருந்து நம்மவர்கள் பென் ஹில்ஸ் கோயிலுக்கு வந்துகொண்டே இருக்கிறார்கள். தரிசனம், புளியோதரை, திரும்பவும் நெடுஞ்சாலை என்றே பெரும்பாலோர் போய்விடுகிறார்கள். இன்னும் ஒன்றரை மணி நேரம் தென்கிழக்கே போனால் இப்படி ஒரு காடு இருப்பது அவர்களுக்குத் தெரியவில்லையே என்று எனக்கு எப்போதும் வருத்தம்.

இரண்டு இடம் சொல்கிறேன். ஒஹையோபைல் மாநிலப் பூங்காவின் கென்டக் கேம்ப்கிரவுண்ட் ஊருக்கு மேலே குன்றின்மீது இருக்கிறது. மரம் அடர்ந்த இடம், வெந்நீர்க் குளியலறை உண்டு. ஆனால் அங்கிருந்து தடத்துக்கு இறங்குவது நல்ல செங்குத்து. பிள்ளைகளோடு மாலையில் அந்த மேட்டை ஏற வேண்டாம், சைக்கிளைக் காரிலேயே ஊர் வரை கொண்டுவந்து விடுங்கள். இரண்டாவது, கான்ஃபுளூயன்ஸில் அணைக்குக் கீழே ராணுவப் பொறியாளர் துறை நடத்தும் அவுட்ஃப்ளோ கேம்ப்கிரவுண்ட். சமதளம், தடம் பக்கத்திலேயே. சின்னப் பிள்ளைகள் இருப்பதால் நான் இதையே சொல்வேன். கூடாரத்திலிருந்து நேராகச் சைக்கிளில் கிளம்பும் சந்தோஷம் பிள்ளைகளுக்குப் பெரிது.

மாநிலப் பூங்காவில் 11 மாதம் முன்பிருந்தே முன்பதிவு திறந்திருக்கும். ஆகஸ்டு வார இறுதிக்கு ஜூலையில் தேடினால் கஷ்டம். முடிந்தால் ஞாயிறு, திங்கள் இரவுகளைப் பாருங்கள். சைக்கிளை ஊரிலிருந்து கொண்டுவர வேண்டியதில்லை. ஒஹையோபைலில் வாடகைக் கடைகள் உண்டு. சிறுவர் சைக்கிளும், குட்டிக் குழந்தையை உட்காரவைத்து இழுக்கும் வண்டியும் கிடைக்கும்.

10 வயதுப் பிள்ளையை அந்த ஊரின் உயரப் பாலத்தில் நிறுத்திக் கீழே பார்க்கச் சொல்லுங்கள். ஃபெர்ன்கிளிஃப் என்ற மூக்கு போன்ற நிலத்தை ஆறு சுற்றிக்கொண்டு வருகிறது. தடம் அந்த மூக்கின் அடியைக் குறுக்கே வெட்டி, ஒரே ஆற்றை இரண்டு தடவை தாண்டுகிறது. மேலிருந்து பார்த்தால் ரப்பர் படகுகள் நுரைக்குள் முங்கி எழும். 1754-ல் இளைஞராக இருந்த ஜார்ஜ் வாஷிங்டன் இந்த யாக்ககேனி ஆற்று வழியாகப் படகில் போக முடியுமா என்று பார்க்க வந்து, இங்கே இருக்கும் அருவியைக் கண்டதும் அந்த யோசனையைக் கைவிட்டார். இதைச் சொன்னால் பிள்ளைகள் அருவியை வேறு கண்ணோடு பார்ப்பார்கள்.

கே: கரடி உண்டாமே? சாம்பார், ரசம் எல்லாம் வைத்துச் சாப்பிடலாமா, வாசனைக்கு வந்துவிடுமா? (ஷார்லட் வாசகி)

ப: கருங்கரடி உண்டு. மனிதரைக் கண்டால் பெரும்பாலும் அதுவே ஒதுங்கிப் போகும். ஆனால் சாப்பாட்டு வாசனைக்குக் கட்டாயம் வரும், சாம்பாராக இருந்தாலும் ரொட்டியாக இருந்தாலும். தாராளமாகச் சமையுங்கள். சாப்பிட்டதும் பாத்திரத்தைக் கழுவி, மிச்சம், மாவு, எண்ணெய், ஊறுகாய், ஐஸ் பெட்டி எல்லாவற்றையும் காருக்குள் வைத்துப் பூட்டுங்கள். பற்பசை, சோப்புகூட வாசனைப் பொருள்தான். கூடாரத்துக்குள் பிஸ்கட் பொட்டலம்கூட இருக்கக் கூடாது. குழந்தை ராத்திரி பசியென்று எழுந்தால் காரைத் திறந்து எடுத்துக் கொடுங்கள். நேரில் பார்த்துவிட்டால் ஓடாதீர்கள். சத்தமாகப் பேசிக்கொண்டே, முகத்தை அதன் பக்கம் வைத்தபடி மெல்லப் பின்னால் போங்கள்.

விறகை வீட்டிலிருந்து கொண்டு போகாதீர்கள். இதைக் கொஞ்சம் அழுத்திச் சொல்கிறேன். விறகுக்குள் ஒளிந்து பயணம் செய்த ஒரு பச்சை வண்டினால் கிழக்கு அமெரிக்காவின் ஆஷ் மரங்கள் கோடிக்கணக்கில் செத்துப்போயின. ஒஹையோபைல் பக்கமும் பட்டை உரிந்து நிற்கும் மொட்டை மரங்களைப் பார்க்கலாம். அந்தந்த ஊரில் வாங்கி அங்கேயே எரித்துவிடுங்கள்.

கே: உண்ணிக் காய்ச்சல், பாம்பு, விஷச் செடி என்று எல்லாரும் பயமுறுத்துகிறார்கள். உண்மையில் எதற்குப் பயப்பட வேண்டும்? (நேப்பர்வில் வாசகி)

ப: உண்ணிக்கு. வேலை செய்த காலம் முழுவதும் மருத்துவப் பரிசோதனைக்கூடத்தில் இருந்தவள் என்பதால் இதை விளக்கமாகவே சொல்கிறேன்.

லைம் நோயைப் பரப்பும் கருங்கால் உண்ணி பென்சில்வேனியா காடுகளில் ஏராளம். அமெரிக்காவில் இந்த நோய் அதிகம் பதிவாகும் மாநிலங்களில் இதுவும் ஒன்று. வசந்தத்திலும் கோடைத் தொடக்கத்திலும் இளம் உண்ணிகள் கசகசா அளவுதான் இருக்கும், கடித்தாலும் வலிக்காது. நல்ல செய்தி என்னவென்றால், பொதுவாக அது 24 மணி நேரத்துக்கு மேல் உடம்பில் ஒட்டியிருந்தால்தான் நோய்க்கிருமி நமக்குள் போகும். ஆக, தினமும் இரவு குளிக்கும்போது தேடிப் பார்த்தாலே பெரும்பகுதி ஆபத்து நீங்கிவிடும். முழங்கால் மடிப்பு, அக்குள், தொப்புள், இடுப்பு, காதுக்குப் பின்னால், தலைமுடிக்குள். பிள்ளைகளுக்கு நீங்களே பாருங்கள், அவர்களை நம்பி விடாதீர்கள். நீளக் கூந்தல் உள்ள பெண் குழந்தைகளுக்குப் பின்னிக் கட்டிவிடுவது நல்லது.

ஒட்டியிருந்தால் கூர்முனை இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து, முறுக்காமல் நேராக இழுங்கள். எண்ணெய் தடவுவது, தீக்குச்சியால் சுடுவது எல்லாம் வேண்டாம். ஒரு மாதத்துக்குள் வட்டமாகப் பரவும் சிவப்புத் தடிப்போ காய்ச்சலோ வந்தால், காட்டுக்குப் போனதைச் சொல்லி மருத்துவரைப் பாருங்கள். தொடக்கத்திலேயே பிடித்தால் மாத்திரையில் குணமாகும். தடத்தின் நடுவில் சைக்கிள் ஓட்டும்போது உண்ணி ஏறாது. ஓரப் புல்லில் உட்கார்ந்து சாப்பிடும்போதும், சிறுநீர் கழிக்கப் புதருக்குள் போகும்போதும்தான் ஏறும்.

விஷச் செடி என்று சொல்லும் பாய்சன் ஐவி தட ஓரமெங்கும் உண்டு. மூன்று மூன்று இலையாக இருக்கும், மரத்தில் கொடியாகவும் ஏறும். நம் ஊரில் துணிக்குக் குறியிடும் சேராங்கொட்டையின் குடும்பம்தான் இதுவும், மாவும் முந்திரியும்கூட அதே குடும்பம். சேராங்கொட்டைப் பால் பட்டால் என்ன ஆகுமென்று பாட்டி சொல்லக் கேட்டிருப்பீர்கள், அப்படியேதான் கொப்பளிக்கும். பட்டது தெரிந்தால் உடனே சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவுங்கள்.

பாம்பைப் பொறுத்தவரை, கிலுகிலுப்பைப் பாம்பும் காப்பர்ஹெட்டும் இந்த மலைகளில் இருக்கின்றன. வெயில் காய வந்து தடத்தில் படுத்திருந்தால் தள்ளி நின்று போக விடுங்கள். பாறை இடுக்கில் கைவிடாதீர்கள். அவ்வளவு போதும்.

கே: நான் எட்டாம் வகுப்புப் படிக்கிறேன். சென்ற கோடையில் அப்பா அம்மாவோடு இந்தத் தடத்தில் ஓட்டினேன். இவ்வளவு கஷ்டப்பட்டு ரயில் பாதை போட்டுவிட்டு ஏன் மூடினார்கள்? (பிட்ஸ்பர்க் மாணவி)

ப: இந்த மாதம் வந்த கேள்விகளிலேயே எனக்கு மிகவும் பிடித்தது உன்னுடையது, கண்ணா.

பிட்ஸ்பர்க் ஒரு காலத்தில் உலகத்துக்கே எஃகு கொடுத்த ஊர். எஃகு செய்ய இரும்புத் தாதுவோடு கோக் வேண்டும். நிலக்கரியைக் காற்றுப் புகாமல் சுட்டால் கிடைக்கும் கரி அது. அந்த நிலக்கரிக்குப் பேர்போன இடம் நீ சைக்கிளில் கடந்துபோன கனல்ஸ்வில் வட்டாரம். தேன்கூடு வடிவில் செங்கல் அடுப்புகளை ஆயிரக்கணக்கில் வரிசையாகக் கட்டி, ராத்திரி பகலாக எரித்தார்கள். கனல்ஸ்வில்லுக்கு வடக்கே தட ஓரம் செடிகொடிகளுக்குள் கவனித்துப் பார்த்தால் இடிந்த அடுப்பு வாய்கள் இன்றும் தெரியும்.

இவ்வளவு சரக்கு இருந்ததால் போட்டி போட்டுக்கொண்டு ரயில் கம்பெனிகள் வந்தன. ஆற்றின் ஒரு கரையில் ஏற்கெனவே ஒரு பாதை ஓடிக்கொண்டிருந்தது. மறுகரையில் வெஸ்டர்ன் மேரிலாந்து கம்பெனி 1912-ல் கம்பர்லண்டையும் கனல்ஸ்வில்லையும் இணைத்துத் தன் பாதையைப் போட்டது. பின்னால் வந்ததால் நல்ல இடமெல்லாம் போய்விட்டது. அதனால்தான் அவ்வளவு சுரங்கப்பாதைகளும் பாலங்களும் கட்ட வேண்டி வந்தது. பிறகு லாரிகளும் நெடுஞ்சாலைகளும் வந்தன, சரக்கு குறைந்தது. கடைசியில் இரண்டு கரைப் பாதைகளும் ஒரே குழுமத்தின் கைக்கு வந்துவிட்டன. ஒரே பள்ளத்தாக்கில் இரண்டு பாதை எதற்கு என்று 1975-ல் வெஸ்டர்ன் மேரிலாந்து பாதையை மூடினார்கள். நீ ஓட்டியது அந்தப் பாதை. கனல்ஸ்வில்லுக்கு வடக்கே உள்ளது வேறொரு கம்பெனியின் பாதை, அது அப்புறம் மூடப்பட்டது.

அடுத்த முறை போனால் ஸ்மித்டன் ஊருக்குப் பக்கத்தில் வான் மீட்டர் என்ற இடத்தில் நில். அங்கே டார் நிலக்கரிச் சுரங்கத்துக்கு ஒரு நினைவுப் பலகை இருக்கிறது. 1907 டிசம்பர் 19-ம் தேதி அந்தச் சுரங்கம் வெடித்து 239 பேர் இறந்தார்கள். சிறு வயதுப் பையன்களும் அதில் உண்டு. பலர் அப்போதுதான் கிழக்கு ஐரோப்பாவிலிருந்து வேலை தேடி வந்தவர்கள். அன்றைக்குப் புனித நிக்கோலஸ் திருநாள் என்று வேலைக்குப் போகாமல் தேவாலயத்துக்குப் போனவர்கள் பிழைத்துக்கொண்டார்கள். நாமும் வேலை தேடிக் கடல் தாண்டி வந்தவர்களின் குடும்பம்தானே. சைக்கிளை நிறுத்தி அந்தப் பலகையை முழுவதும் படி. தம்பி தங்கை இருந்தால் அவர்களுக்கும் படித்துக் காட்டு.

கே: ஊரிலிருந்து அம்மா வந்திருக்கிறார், 70 வயது, திருச்சி. சைக்கிள் ஓட்டத் தெரியாது. அவரை விட்டுவிட்டு நாங்கள் மட்டும் ஓட்டப் போவது சரியாக இருக்காது. என்ன செய்யலாம்? (ராலே வாசகர்)

ப: கூட்டிக்கொண்டு போங்கள். தடம் சமமாக இருப்பதால் அவர் நடக்கலாம், சக்கர நாற்காலிகூட போகும். காலை ஏழு மணிக்கு ஒஹையோபைல் பழைய ரயில் நிலையத்திலிருந்து கிளம்பி இரண்டு பாலத்தையும் மெதுவாகப் பார்த்துவிட்டு வரச் சொல்லுங்கள், ஒருவர் துணைக்கு இருங்கள். அருவியைப் பார்க்க ஊருக்குள்ளேயே மேடை உண்டு, ஏறி இறங்க வேண்டாம். பக்கத்தில் கட்டடக் கலைஞர் ஃப்ராங்க் லாய்ட் ரைட் 1930-களில் ஓர் அருவியின் மேலேயே கட்டிய ஃபாலிங்வாட்டர் வீடு இருக்கிறது, 2019-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. டிக்கெட் முன்கூட்டியே எடுத்துவிடுங்கள், அம்மாவுக்கு நிச்சயம் பிடிக்கும். தரையில் படுக்க வேண்டும் என்றால் அவரால் எழுந்திருக்க முடியாது. உயரமான மடக்குக் கட்டில் வாங்குங்கள், இல்லையென்றால் ஊரில் ஓர் அறை எடுத்துக் கொடுங்கள்.

கே: 150 மைலையும் இரண்டே நாளில் முடிக்க நண்பர்கள் நால்வர் திட்டமிட்டிருக்கிறோம். யோசனை சொல்லுங்கள், ஆன்ட்டி. (பால்டிமோர் வாசகர்)

ப: உடம்பில் தெம்பு இருக்கிறது, முடிக்க முடியும். ஆனால் தம்பி, நான்கு நாளாவது எடுத்துக்கொள்ளுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். ஒரு நாளைக்கு 75 மைல் என்றால் கண் முழுக்கக் கைக்கடிகாரத்தில்தான் இருக்கும். இந்தத் தடத்தில் நிற்க வேண்டிய இடங்கள் அவ்வளவு இருக்கின்றன.

கம்பர்லண்டிலிருந்து கிளம்பினால் முதல் நாள் ஏற்றம். மேலே போகப் போகப் பின்னால் பள்ளத்தாக்கு விரிந்துகொண்டே வரும். அப்புறம் பிக் சாவேஜ் சுரங்கப்பாதை, 3,294 அடி, ஒரு கிலோமீட்டர். உள்ளே விளக்கு உண்டு. ஜூலை வெயிலில் நுழைந்தால்கூட உள்ளேயிருந்து குளிர்காற்று வந்து முகத்தில் அடிக்கும், சுவரில் நீர் கசியும். கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, சைக்கிள் விளக்கைப் போட்டுக்கொண்டு போங்கள். அதைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் 2,392 அடி உயரத்தில் நீர்ப்பிரிமுகடு. ஒரு பக்கம் விழும் மழை அட்லாண்டிக் கடலுக்குப் போகும், மறுபக்கம் விழுவது மிசிசிப்பி வழியாக மெக்ஸிகோ வளைகுடாவுக்கு. அங்கிருந்து பிட்ஸ்பர்க் வரை கிட்டத்தட்ட இறக்கம்தான்.

மையர்ஸ்டேல் ஊரின் பழைய ரயில் நிலையம் இப்போது சிறு அருங்காட்சியகம், அதில் கட்டாயம் நுழையுங்கள். அடுத்து சாலிஸ்பரி பாலம், 1,908 அடி நீளம், நூறு அடிக்கு மேல் உயரம். கீழே நெடுஞ்சாலை, கேசல்மன் ஆறு, ரயில் பாதை, சோளக்கொல்லை எல்லாம் ஒன்றாகத் தெரியும். சாயங்கால வெயிலில் அந்தப் பாலத்தில் அரை மணி நேரம் நில்லுங்கள். பிங்கர்டன் சுரங்கப்பாதை பாழடைந்து கிடந்து 2015-ல்தான் திறந்தது, அதுவரை எல்லாரும் சுற்றிக்கொண்டுதான் போனார்கள்.

முதல் இரவு மையர்ஸ்டேல் அல்லது ராக்வுட், அடுத்தது ஒஹையோபைல், மூன்றாவது கனல்ஸ்வில் தாண்டி எங்காவது என்று வைத்துக்கொள்ளுங்கள். கனல்ஸ்வில்லில் சைக்கிள்காரர்கள் தங்க, மூன்று பக்கம் அடைத்த மரக்குடில்கள் தடத்தை ஒட்டியே இருக்கின்றன. ஒஹையோபைலில் ஒரு முழு நாள் ஓட்டாமல் இருந்தால் இன்னும் சந்தோஷம்.

கே: எந்த மாதிரி சைக்கிள்? என்னென்ன எடுத்துப் போக வேண்டும்? எந்த மாதம் நல்லது? (சான் ஹொசே வாசகர்)

ப: மெல்லிய டயர் போட்ட பந்தய சைக்கிள் வேண்டாம். 35 மில்லிமீட்டர் அல்லது அதற்கு மேல் அகலமான டயர் நல்லது. ஹெல்மெட், முன்பின் விளக்கு, பெல், மாற்று ட்யூப், பஞ்சர் ஒட்டும் சாமான், காற்றடிக்கும் பம்பு. பள்ளத்தாக்கில் கைபேசிக்குச் சிக்னல் கிடைப்பது அரிது, வரைபடத்தை இறக்கி வைத்துக்கொள்ளுங்கள், எப்போது திரும்புவீர்கள் என்று யாரிடமாவது சொல்லிவிட்டுக் கிளம்புங்கள். மழை பெய்தால் சுண்ணாம்புப் பொடி சாம்பல் நிறக் குழம்பாகிச் சங்கிலியில் ஒட்டும். அன்றிரவே கழுவி எண்ணெய் விட்டுவிடுங்கள்.

சாப்பாட்டுக்கு எலுமிச்சை சாதமும் உருளைக்கிழங்கு வறுவலும் கட்டிக்கொண்டு போவது எங்கள் வழக்கம். வெயிலில் கெடாது, ஊர்களில் சைவச் சாப்பாடு தேடி அலைய வேண்டாம்.

மாதம் என்றால் அக்டோபர் நடுவில் இலை நிறம் மாறும்போது. மேப்பிள் சிவப்பும் டியூலிப் மரத்து மஞ்சளும் ஆற்றில் விழும். அதற்குத்தான் கூட்டமும் அதிகம். எனக்குப் பிடித்தது மே கடைசி, கூட்டம் குறைவு, ஆற்றில் தண்ணீர் நிறைய. குளிர்காலத்தில் பிக் சாவேஜ் சுரங்கப்பாதையைக் கதவு போட்டு மூடிவிடுவார்கள், ஏப்ரல் வாக்கில்தான் திறப்பார்கள். அந்த மாதங்களில் முழுத் தடத்துக்கும் திட்டம் போடாதீர்கள்.

கே: போன கோடையில் நம்மவர்கள் பெரிய குழுவாக வந்திருந்தார்கள். தடத்தை அடைத்துக்கொண்டு நடந்தார்கள், ஸ்பீக்கரில் பாட்டு வேறு. பார்க்கச் சங்கடமாக இருந்தது. நீங்கள் எழுதக் கூடாதா? (கிளீவ்லண்ட் வாசகி)

ப: எழுதுகிறேன், எல்லோருக்குமாகவே எழுதுகிறேன். அன்றைக்கு யார் வந்திருந்தார்கள் என்பது முக்கியமில்லை.

இங்கே வலப்பக்கம் ஓட்ட வேண்டும். ஊரிலிருந்து புதிதாக வந்த விருந்தினர் பழக்கத்தில் இடப்பக்கம் போவார்கள், முன்பே சொல்லிவிடுங்கள். முந்தும்போது பெல் அடித்து, இடப்பக்கம் வருகிறோம் என்று குரல் கொடுத்து முந்துங்கள். நின்று பேச வேண்டுமானால் சைக்கிளோடு தடத்தைவிட்டு இறங்கி நில்லுங்கள். பாட்டு வேண்டுமானால் பாடுங்கள், நல்ல குரலில் யாராவது பாடினால் எதிரே வருபவர்கூடச் சிரித்துவிட்டுப் போவார். ஸ்பீக்கர் வேண்டாம். காட்டுக்குள் பறவைச் சத்தம் கேட்கத்தான் பலர் அவ்வளவு தூரம் வருகிறார்கள்.

குப்பைத் தொட்டிகள் எல்லா இடத்திலும் இருக்காது. கொண்டுபோன பையிலேயே எல்லாவற்றையும் திருப்பிக் கொண்டுவாருங்கள், வாழைப்பழத்தோல் உட்பட.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இந்தத் தடத்தில் பயணக் கட்டணம் கிடையாது. விழுந்த மரத்தை அறுத்து அகற்றுவதும், புல் வெட்டுவதும், மழை அரித்த இடத்தில் பொடி நிரப்புவதும் பெரும்பாலும் ஊர்த் தன்னார்வலர்கள். ஓய்வு பெற்ற சுரங்கத் தொழிலாளியும் பள்ளி ஆசிரியரும் சேர்ந்து மண்வெட்டியோடு நிற்பதை நான் பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு பகுதிக்கும் ஓர் உள்ளூர்ச் சங்கம் உண்டு. வசந்தத்தில் ஒரு சனிக்கிழமை துப்புரவு வேலைக்கு ஆள் கேட்பார்கள். நம் தமிழ்ச் சங்கங்கள் பிக்னிக் போடும் ஆர்வத்தில் பாதியை அதற்குக் கொடுத்தால் எனக்கு அளவில்லாத மகிழ்ச்சியாக இருக்கும். பிட்ஸ்பர்க் பக்கம் யாராவது குழு சேர்த்தால் எனக்கு எழுதுங்கள், நானும் என் கணவரும் வருகிறோம்.

கே: ஒரு வழியாக ஓட்டிவிட்டால் கார் இருக்கும் இடத்துக்கு எப்படித் திரும்புவது? (ஃபிலடெல்ஃபியா வாசகர்)

ப: இரண்டு வழி. சைக்கிளையும் ஆளையும் வேனில் ஏற்றிக் கொண்டுபோய் விடும் வாடகைச் சேவைகள் தடத்து ஊர்களில் உண்டு. காரைப் பிட்ஸ்பர்கில் விட்டுவிட்டு வேனில் போய்க் கம்பர்லண்டில் இறங்கிக்கொண்டு, பிட்ஸ்பர்க் நோக்கி ஓட்டி வந்தால் கார் நின்ற ஊரிலேயே பயணம் முடியும். இன்னொன்று ரயில். வாஷிங்டனுக்கும் சிகாகோவுக்கும் நடுவே போகும் ஆம்ட்ராக் வண்டி பிட்ஸ்பர்க், கனல்ஸ்வில், கம்பர்லண்ட் மூன்றிலும் நிற்கிறது. சைக்கிளை அப்படியே தள்ளி ஏற்றலாம், ஆனால் இடம் கொஞ்சம்தான், சைக்கிளுக்கும் தனியாக முன்பதிவு செய்ய வேண்டும். பிட்ஸ்பர்கில் விடிகாலையில் ஏறினால் காலையிலேயே கம்பர்லண்டில் இறங்கி ஓட்டத் தொடங்கிவிடலாம். வண்டி தாமதமாவது சகஜம், அதனால் முதல் நாளைக்குச் சின்ன தூரமாக, ஃப்ராஸ்ட்பர்க் வரைக்கும் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். ஜன்னல் ஓரமாக உட்காருங்கள். நீங்கள் திரும்பி ஓட்டி வரப்போகும் தடம் வழியில் பல இடத்தில் ஆற்றுக்கு அந்தப் பக்கம் தெரியும்.